சித்தப்பாவுக்கு அரை டிக்கெட்

என் கூட்டாளிச் சித்தப்பாவுக்கு,

உங்களுக்காக மொட்டை போட்டவன் எழுதுகிறேன். ஆனாலும் இது மொட்டைக் கடிதமல்ல, கீழே பேர் போட்டிருக்கிறேன்.

"நான் லாரி ஓட்டுன ஊர்லயே என் சாம்பலை ஆத்துல விட்ருலே. அப்படியே மிதந்து நம்ம ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நாடே அஸ்தியைத் தூக்கிக்கொண்டு நம் ராமேஸ்வரத்துக்கு வருகிறது. நீங்கள் மட்டும் எதிர்த்திசை. பிள்ளையில்லாத உங்களுக்கு நான்தானே பிள்ளை? கலயத்தோடு பஸ் ஏறினேன்.

பார்த்தேன் சித்தப்பா, நீங்கள் பீற்றிக்கொண்ட ஊரை. சுற்றியிருந்த கிராமங்களையெல்லாம் விழுங்கி, மண்டலம் மண்டலமாகப் பிரித்து, மூலைக்கு மூலை வார்டு போர்டு. ரெண்டு கரையிலும் சிமெண்டுச் சுவர், அதன்மேல் ரோடு. நடுவில் ஆறு? ஆகாயத்தாமரை, கோழிக்கழிவு, கறுப்பாய் ஒரு ஓடை. மாநகராட்சியாம். ககரத்தையும் ரகரத்தையும் இடம் மாற்றிப் படித்தேன்: மாநரகாட்சி.

படித்துறையில் நின்ற மாநகராட்சிக்காரர் ஒருவரிடம் கேட்டேன்: "அண்ணே, தண்ணி எங்கன இருக்கு?"

"இந்தக் கரை ஒரு மண்டலம், அந்தக் கரை ஒரு மண்டலம். நடுவுல உள்ளது எங்களுக்குச் சம்பந்தமில்ல தம்பி."

"அப்ப எங்க சித்தப்பாவ எந்த வார்டுல சேக்குறது?"

"கிண்டலா? எல்லாரும் அதுலதான் கரைக்கிறாங்க. கரைச்சுட்டுக் கெளம்பு."

கலயத்துத் துணியை அவிழ்த்தேன். கை வரவில்லை. அந்தக் கறுப்பில் விட்டால் அடுத்த பாலத்தையாவது தாண்டுவீர்களா? அத்தனை வருஷம் அந்த ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டினீர்களே, உங்களைக் கரைக்க ஒரு கை தண்ணீர் மிச்சம் வைத்தார்களா?

திரும்பக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

"மடியில என்னலே?" என்றார் கண்டக்டர்.

"சித்தப்பாண்ணே. அரை டிக்கெட் போடுங்க."

அவர் சிரிக்கவில்லை. உங்களுக்கு டிக்கெட்டும் போடவில்லை.

வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்று இப்போது கண்மாய்க்கரை வேம்பில் தொங்குகிறீர்கள். காற்று வருகிறதா? "செத்தவன் கடைசியாக் கேட்டதக்கூடச் செய்யலையேலே" என்று உங்கள் அண்ணன், என் அய்யா, தினமும் வைகிறார். வையட்டும். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?

ஐப்பசி மழைக்குக் கண்மாய் பெருகட்டும். அந்த ஊர்ச் சுவர் எதையும் தொடாமல், நேரே நம் தலையில் விழுந்த தண்ணீரில், இடுப்பளவு இறங்கி நானே உங்களைக் கரைப்பேன். இது சத்தியம்.

ஆறு செய்யாததைப் பஸ்ஸில் செய்த,
உங்கள் அண்ணன் மகன்,
முத்து