மிதிவெடிக்கு எதிராக எங்கள் கைநாட்டு

2003 நவம்பர் 7, வெள்ளி

விடியவே மழை. தேயிலை மலையில் அட்டை நிறைய. கொழுந்து பறிக்க இறங்குமுன் எல்லாரும் காலுக்குச் சவர்க்காரம் தேய்த்தோம். செல்வி வலது காலுக்கு மட்டும் தேய்த்தாள். நான் விடுவேனா?

"ஏண்டி, எடது கால அட்டைக்கு நேந்து விட்டுட்டியா?"

ஒரே சிரிப்பு. அவளும் சிரித்தாள். பழைய கலவரத்தில் இங்கிருந்து வவுனியாவுக்கு ஓடிய குடும்பம். திரும்பி வந்து நாலு மாதம். லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் பக்கத்து வீடு. கொஞ்சம் சாய்ந்து நடப்பாள், வாதம் என்பாள். எப்போதும் காலுறை, சப்பாத்து. 'தொரசாணி' என்று பேர் வைத்ததும் நான்தான்.

சாயங்காலம் உப்பு கேட்கப் போனேன். கதவைத் தள்ளினால், இடது கால் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

மிதிவெடியாம். வவுனியாவில் சண்டை ஓய்ந்து அங்கே வீட்டுக்குத் திரும்பிய வாரம், விறகு பொறுக்கப் போன இடத்தில்.

"கங்காணிக்குத் தெரிஞ்சா மலைக்கு விட மாட்டாருக்கா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

சத்தியம் செய்தேன். உப்பு கேட்க மறந்துவிட்டேன். கறி சப்பென்று. வீட்டுக்காரர் ஏசினார். ஏசட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது. வாங்க வேண்டியது: நெருப்புப்பெட்டி, கருவாடு, சவர்க்காரம்.

கோயிலடியில் கூட்டம். பதுளையில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் வந்தார். மிதிவெடியே வேண்டாம் என்று கையெழுத்துச் சேர்க்கிறார். நீளமாக ஒரு வெள்ளைத் துணி, மை. ஆட்களைக் கூட்டிவரச் சொன்னது என்னை. வாய் பெரிசு அல்லவா.

"சண்டை நிண்டாலும் இது மண்ணுக்குள்ளதான் கிடக்கும். குழந்தைப் பிள்ளையெண்டும் பாக்காது" என்றார் மாஸ்டர். ஒருவரும் அசையவில்லை.

கங்காணி பின்னாலிருந்து, "அது வடக்குப் பிரச்சின மாஸ்டர். நம்ம தோட்டத்துக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "சம்பந்தம் இல்லையா? நம்ம செல்விக்கு ஒரு கால் எங்க போச்சு?"

விழுந்துவிட்டது வாயிலிருந்து. பிடிக்க முடியவில்லை.

செல்வி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு ஆளுக்கு ஆள் முண்டியடித்துக் கைநாட்டு. கங்காணியும் கையெழுத்து வைத்தார். மற்றவர்களின் பெருவிரலைப் பிடித்துப் பிடித்து என் கையெல்லாம் நீலம்.

"அம்மா, நீங்கள் கதைச்சதாலதான் எல்லாரும் எழும்பினவை" என்றார் மாஸ்டர். சந்தோஷமாகப் போனார்.

கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், மை போகவில்லை.

நவம்பர் 10, திங்கள்

பனி. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டார். செல்வி பேர் வரவில்லை. கூடையோடு நின்றாள். எல்லாரும் மலைக்குப் போனார்கள். நானும் போனேன்.

பின்னேரம் கங்காணி வீட்டுக்குப் போனேன்.

"ஈர மலையில அது விழுந்து கிழுந்து வச்சா தொரைக்கு யாரு பதில் சொல்றது? பாவம்னுதான் நிப்பாட்டினேன்."

"நாலு மாசமா விழலியே!"

"அப்ப எனக்குத் தெரியாதே."

தெரிய வைத்தவள் நான்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. கூரை ஒழுகல், இரண்டு பானை வைத்தேன். ரொட்டி சுட்டுச் செல்விக்குக் கொண்டுபோனேன். வாங்கவில்லை. சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். வவுனியாவுக்கே போகிறாளாம், நாளை மத்தியான பஸ்ஸில்.

"அந்த வெடி கெடக்குற மண்ணுக்கா?"

"அங்க கால் போனவங்க நெறையப் பேரு. யாரும் நின்னு பாக்க மாட்டாங்க."

என்னை மன்னித்துவிடு என்றேன்.

"நீங்க சொன்னதுகூடப் பரவால்லக்கா. அத்தன பேரும் துணியில கைநாட்டு வச்சீங்க. பெரட்டுல ஒருத்தராவது வாயத் தொறந்தீங்களா?"

ரொட்டியோடு திரும்பினேன்.

நவம்பர் 12, புதன்

மழை விட்டிருந்தது. பெரட்டு. கங்காணி பேரெல்லாம் கூப்பிட்டு முடித்தார்.

"செல்வி பேர விட்டுட்டீங்க கங்காணி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கங்காணியும். வழக்கம்போல நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து.

மறுபடியும் சொன்னேன்.