செபமாலையில் எண்ணிய வௌவால்கள்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

பூசை முடிந்து அக்கா மகள் சோஃபியா வந்தாள். வௌவால்களை வைத்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். பெங்களூரில் பழந்தின்னி வௌவால் தொங்குகிற மரத்துக்கெல்லாம் ஆள் போட்டு, ஒரே சாயங்காலம் எண்ணப் போகிறார்களாம். காக்ஸ் டவுன் காலி மனையில் நிற்கிற தூங்குமூஞ்சி மரத்துக்கு ஆள் நான்தான். வேறு யார்? இருபது வருஷமாக என் பள்ளிக்கூட வேன் அதன் நிழலில்தான் நிற்கிறது. அந்த மரத்தைக் கட்டிப்பிடிக்கப் பத்து ஆள் வேண்டும். (சரி, நாலு.)

பயிற்சி என்று லேப்டாப்பில் வீடியோ போட்டாள். வௌவால்கள் பறக்கும், எத்தனை என்று சொல்ல வேண்டும். கூட வந்திருந்த ரெண்டு பேர் விரல் விட்டுக்கொண்டிருந்தபோதே "ரெண்டாயிரம்!" என்று போட்டேன் ஒரு போடு. சோஃபியா சிரித்துக்கொண்டே எதையோ தட்டினாள். அசந்துவிட்டாள் பாவம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது. யாருக்கு நஷ்டம்?

8 பிப்ரவரி, சனி

எண்ணிவிட்டேன். தலைக்கு மேல் அப்படி ஒரு ஊர்வலம்! தாளில் கோடு போடக் குனிந்தால் இருபது போய்விடுகிறது. அப்போதுதான் மூளை வேலை செய்தது. சட்டைப்பையில் செபமாலை. வௌவாலுக்கு ஒரு சின்ன மணி, ஒரு சுற்றுக்கு ஐம்பது. சுற்று முடிந்தால் வேன் பானட்டில் ஒரு கல்.

பன்னிரண்டு கல், மேலே பத்து மணி. அறுநூற்றுப் பத்து.

வாட்ஸப்பில் 'ஆயிரம்' என்று அடித்தேன். மாலையின் சிலுவை விரலில் குத்தியது. அழித்துவிட்டு 610 என்றே அனுப்பினேன். நானா இது?

16 பிப்ரவரி, ஞாயிறு

என்ன சொல்ல. உட்கார்ந்து எழுதவே முடியவில்லை.

சோஃபியா லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். ஊர் வரைபடம், மரமெல்லாம் பச்சை வட்டம், வௌவாலெல்லாம் கறுப்புப் புள்ளி. பசித்தால் எவ்வளவு தூரம் பறக்கும், ஒரு மரம் எத்தனை வௌவால் தாங்கும் — எல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். ஒரு மரத்தை அழித்தால் புள்ளிகள் தாங்களாகவே வேறு இடம் தேடிப் போகின்றன. நான் டீ குடித்து முடிப்பதற்குள் அங்கே பத்து வருஷம் ஓடிவிட்டது!

"ஜோசியமா பாக்கற?"

"இல்ல மாமா. இப்படி ஆனா என்ன ஆகும்னு கேட்டுப் பாக்கறோம். ஆயிரம் தடவ கேக்கறோம்."

காலி மனையில் அப்பார்ட்மெண்ட் வருகிறதாம். மரத்தை வெட்டினால் வௌவால்கள் பிழைக்குமா என்று அனுமதி தரும் ஆபீஸ் இவர்களைக் கேட்டிருக்கிறது. பிழைக்கும், பக்கத்து மரங்களே போதும் என்கிறது கம்ப்யூட்டர்.

அறுநூறும் எங்கே போய்த் தொங்கும்?

"நம்ம மரத்துல எத்தன புள்ளி வச்ச?"

"நூத்தி இருபத்திரெண்டு."

"அடியே, நான் அனுப்புனது அறுநூத்திப் பத்து!"

"அன்னைக்கு வீடியோல இருந்தது நானூறு. நீங்க ரெண்டாயிரம்னீங்க. யார் எவ்ளோ கூட்டிச் சொல்றாங்களோ அதால வகுப்போம். உங்களுக்கு அஞ்சு."

சமையல்கட்டிலிருந்து என் பெண்டாட்டி டோரீன்: "அஞ்சுதானா? போதாதே!"

"செபமாலையில எண்ணினேன்டி!"

"பிஷப் உங்க வேன்லதான் ஏர்போர்ட் போனார்னு கூடத்தான் சொன்னீங்க."

(பிஷப்பின் பெட்டி போனது. அது என்ன சின்ன விஷயமா?)

என்னை வகுத்துவிட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உள்ளதை உள்ளபடி சொன்னேன், அதைப் போய் வகுத்துவிட்டாள்.

18 பிப்ரவரி, செவ்வாய்

வெள்ளிக்கிழமை அறிக்கை போகிறதாம். சோறு இறங்கவில்லை. போன் போட்டு, "என்னை நம்ப வேணாம். ஒரு தடவ வந்து நீயே பாரு" என்றேன். கெஞ்சினேன் என்று எழுத வேண்டியதில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

நேற்று சாயங்காலம் கேமராவோடு வந்தாள். படத்தை நிறுத்தி நிறுத்தி எண்ணிவிட்டு இன்றைக்குக் கூப்பிட்டாள்.

"மாமா... அறுநூத்தி முப்பத்தெட்டு."

நான் குறைத்துச் சொல்லியிருக்கிறேன்! நான்! டோரீன் கையிலிருந்த கரண்டியோடு சிலுவை போட்டுக்கொண்டாள்.

21 பிப்ரவரி, வெள்ளி

மறுபடி ஓட்டிக் காட்டினாள். அதே கம்ப்யூட்டர், அதே ஊர். நம் மரத்தை மட்டும் அழித்தாள். புள்ளிகள் சுற்றின. பக்கத்து மரங்கள் நிரம்பின. மிச்சப் புள்ளிகள் ஊர் ஓரத்துக்குப் போய், ஒவ்வொன்றாக அணைந்தன. புள்ளிதானே, புள்ளிதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அறிக்கையை மாற்றி எழுதிவிட்டாள்: வெட்டக் கூடாது. "சாரி மாமா" என்றாள். ஆயிரம் தடவை சொன்னாள். (ரெண்டு தடவை.)

24 பிப்ரவரி, திங்கள்

காலையில் வேனைத் திருப்பினால் ரம்பச் சத்தம். ரோட்டுப் பக்கப் பெருங்கிளை கீழே கிடக்கிறது. பிரச்சினை இருக்காது என்று போன வாரமே சோஃபியாவோடு வேலை செய்கிற யாரோ அப்பார்ட்மெண்ட்காரர்களுக்குப் போனில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்களாம். அந்த நூற்றி இருபத்திரெண்டை நம்பி. பட்டப்பகலில் வௌவால்கள் கத்திக்கொண்டு சுற்றின. வேனில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மத்தியானம் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மரம் நிற்கிறது. ஒரு பக்கம் இல்லாமல்.

15 மார்ச், சனி

இன்று மறுபடி ஊர் முழுக்க எண்ணும் நாள். இப்போது நான் எதைச் சொன்னாலும் அப்படியே போட்டுக்கொள்வதாகச் சோஃபியா சொல்லியிருக்கிறாள். என் பெயருக்கு வகுத்தல் இல்லை.

மரத்தடியில் நின்றேன். மாலையை உருட்டினேன். இருட்டியும் ரொம்ப நேரம் நின்றேன், இன்னும் வருமோ என்று.

டீக்கடை சின்னப்பா குரல் கொடுத்தான்: "ஏன் நோயலண்ணா, இன்னைக்கு எத்தன லட்சம்?"

பானட்டில் நாலு கல். மாலையில் ஏழு மணி.

"இருநூத்தி ஏழு."

அவன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு மிச்சத்துக்குக் காத்திருந்தான்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்பா."

வேனில் உட்கார்ந்து 610 என்று அடித்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்தேன். 207. அனுப்பிவிட்டேன்.