ஃபிலோமினாவோடு மௌன தியானம்

வியாழன், ஜூன் 12

காற்றே இல்லை. டோல்கேட் வரை பஸ், பிறகு ஆட்டோ. கொள்ளிடக் கரையில் தியான இல்லம். ஞாயிறு வரை மௌனம். பங்குச் சாமியார்தான் அனுப்பினார். "இந்தக் கோபம் உன்னையே எரிச்சுடும்மா. கொஞ்ச நாள் வாய மூடிட்டுத் தனியா இரு." என் மகள் ஜெனிக்குப் பேசிய கல்யாணம் முறிந்ததிலிருந்து வீட்டிலும் பேச்சு குறைவுதான். சரி என்றேன்.

போனை வாங்கி உறையில் போட்டு பீரோவில் பூட்டினார் சிஸ்டர். தனி அறை. கட்டில், மேசை, சிலுவை, பானையில் தண்ணீர். மின்விசிறி மட்டும் ஓயாமல் பேசுகிறது.

மதியச் சாப்பாட்டில் நிமிர்ந்தால், எதிரில் ஃபிலோமினா!

திருவெறும்பூர் கோவில் பாடகர் குழுவில் இருபது வருடமாக என் பக்கத்தில் நின்று பாடுகிறவள். கைலாசபுரத்து மாப்பிள்ளை வீட்டில் போய், பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று சொன்னவள். தரகரே என்னிடம் சொன்னார்: "உங்ககூட கோவில்ல பாடுற அந்தம்மாதாங்க." எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. சிரித்தாள். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி ஃபி. போதும். முழுப் பெயர் எழுதக் கை கூசுகிறது.

வெள்ளி, ஜூன் 13

விடியும் முன் ஸ்ரீரங்கத்திலிருந்து நாதஸ்வரம், ஒலிபெருக்கியில். பிறகு பாலத்தில் ரயில். யாரும் பேசாத இடத்தில் எல்லாம் கேட்கிறது.

சிஸ்டர் காலையில்: "வாய மூடுறது சுலபம். உள்ள ஒரு வாய் இருக்கு பாருங்க, அதை மூடணும். அப்பத்தான் ஆண்டவர் பேசறது கேட்கும்."

என் உள்வாய் நாள் முழுக்க ஃபி.யைத் திட்டியது. ஜெனிக்குக் கடைசியாக வலிப்பு வந்து ஆறு வருடம் ஆகிறது. மாத்திரையில் நிம்மதியாக இருக்கிறாள். இதைப் போய் யார் தம்பட்டம் அடிப்பார்கள்? குடித்தனம் நடத்த ஆரம்பித்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

இன்று செய்தவை:
- சிற்றாலயத்தில் ஒரே ஒரு நாற்காலி. ஃபி.க்கு முட்டி வலி. முந்திப் போய் உட்கார்ந்தேன். அவள் ஜெபம் முழுக்கத் தரையில்.
- மோர் வாளி கேட்டுக் கை நீட்டினாள். கண்ணை மூடி ஜெபித்தேன்.

அற்பம்தான். தூக்கம் நன்றாக வந்தது.

சனி, ஜூன் 14

புழுக்கம். துணி காயவில்லை.

படுத்திருந்தபோது யோசனை தெளிந்தது. ஃபி. மகனுக்கு ஆவணியில் கல்யாணம். பெண் வீடு புத்தூர். பையனுக்கு வேலை போய் மாதக்கணக்காகிறது. தினமும் பையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய் வருகிறான். பெண் வீட்டுக்குத் தெரியாது. என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னாள். பெண்ணின் அம்மா நம்பர் என்னிடம் உண்டு. பத்திரிகைக்குப் பெயர் சரிபார்க்க ஃபி.யே கொடுத்தது. ஒரே ஒரு போன்.

வராந்தாவில் நடந்துகொண்டே வார்த்தைகளைச் சரிபார்த்தேன். 'உங்க பொண்ணு நல்லாயிருக்கணும்னுதாங்க சொல்றேன்.' இது நல்ல ஆரம்பம். யாராவது பார்த்திருந்தால் ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பாவசங்கீர்த்தனம். குருவானவரிடம், என் பாவம் கோபம் என்றேன். போன் விஷயம் சொல்லவில்லை. செய்யாததை எப்படிச் சொல்வது?

மாலை கிணற்றடியில் ஃபி. வந்தாள். "ரெஜி, ஒரு விஷயம் சொல்லணும். ஜெனி கல்யாணத்துல..." உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். "ஒரு நிமிஷம் கேளுடீ." சுவரில் மாட்டியிருந்த 'மௌனம்' பலகையைக் காட்டினேன். அவள் கண் கலங்கியது. எனக்குள் பாயசம் குடித்த மாதிரி. மன்னிப்புக் கேட்க வந்திருப்பாள். கேட்க விடவில்லை. பிறகு என் அறைக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

ஞாயிறு, ஜூன் 15. வீட்டில்

பூசை முடிந்ததும் மௌனம் கலைந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசினார்கள். போன் கைக்கு வந்தது. பின்பக்கம், வாழைத் தோப்பு ஓரம் போனேன். புத்தூர் அம்மா உடனே எடுத்தார். ஒத்திகை பார்த்தபடியே சொன்னேன். "யாருங்க நீங்க?" என்றார். வைத்துவிட்டேன்.

திரும்பினால் ஃபி. கேட்டிருப்பாளோ? இல்லை. தூரத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தாள், முட்டியைப் பிடித்தபடி.

"இப்பவாவது பேசலாமா?"

"சொல்லு."

"மாப்பிள்ளை வீட்ல சொன்னது நான்தான். ஜெனிதான் அழுதுச்சு. 'மறைச்சுக் கட்டிக்க மாட்டேன் அத்தை, அம்மா என்னைச் சொல்ல விட மாட்டேங்கறாங்க, நீங்க போய்ச் சொல்லுங்க'ன்னு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. என்னால தாங்க முடியல ரெஜி. நீ இங்க வர்றேன்னு சாமியார் சொன்னாரு. அதான் நானும் வந்தேன்."

பொய் என்றேன். அவள் எதிரிலேயே ஜெனிக்குப் போன் போட்டேன். "ஆமாம்மா. நான்தான் சொல்லச் சொன்னேன். அத்தையத் திட்டாத."

போனைக் கைப்பையில் போட்டேன். ஃபி. நான் அழப்போகிறேன் என்று நினைத்து என் துணிப் பையையும் தானே தூக்கிக்கொண்டாள். புத்தூருக்கு மறுபடி கூப்பிட்டு என்ன சொல்வது? பொய் ஒன்றும் சொல்லவில்லையே. அதுதான் கஷ்டம். பொய்யாக இருந்தால் திருப்பி வாங்கலாம்.

டோல்கேட்டில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ் ஏறினோம். எனக்கு ஜன்னலோரம் விட்டாள். இன்னும் கோபம் தீரவில்லை. பெற்றவள் என்னிடம் இரண்டு பேரும் சொல்லியிருக்கலாம் இல்லையா? அதையே நினைத்துக்கொண்டு வந்தேன், மற்றதை நினைக்காமலிருக்க. பாலம் தாண்டும்போது அவள் போன் அடித்தது. திரையைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "சம்பந்தியம்மாடீ. புடவை எடுக்கப் போறதுக்காக இருக்கும்." காதில் வைத்தாள். "சொல்லுங்க சம்பந்தி."

கேட்டுக்கொண்டேயிருந்தாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

திருவானைக்கோவிலில் பஸ் நின்றது. அவள் முழங்காலைத் தாண்டி இறங்கிவிட்டேன். துணிப் பை அவள் மடியிலேயே போய்விட்டது; போனும் இந்த நோட்டும் இருந்த கைப்பை மட்டும் என் தோளில்.

ஆட்டோவில் வீடு. ஜெனி சாதம் போட்டாள்.

ஃபிலோமினா கூப்பிடுகிறாள். மறுபடி. ஜெனி போனை எடுத்து வந்து நீட்டுகிறாள்: "அத்தைதாம்மா. பேசு."