கம்பியில் குத்திய சீட்டு

செப்டம்பர் 2, புதன்

முதலில் கண்ணில் பட்டது அந்த ஒற்றை ஊசிதான். கல்லூரி அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் பலகையில் பகுதிநேர வேலை அறிவிப்புகள் எல்லாம் நாலு மூலையிலும் ஊசி குத்தி விறைப்பாக நின்றன. கிழித்துக்கொண்டு போவதற்காக அவற்றின் அடியில் வெட்டிவிட்டிருந்த சீட்டுகள் பாதிக்கு மேல் போய்விட்டன. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஒரே ஒரு காகிதம் மட்டும் ஒற்றை ஊசியில் சாய்ந்து தொங்கியது. ‘வேதியியல் ஸ்டோர், தரைத்தளம். உதவியாளர் தேவை.’ அதில் ஒரு சீட்டும் கிழியவில்லை.

நானும் கிழிக்கவில்லை. எனக்கு நூலகம்தான் வேண்டும். அங்கே யாரும் பேசக்கூடாது.

முப்பதாம் தேதிக்குள் கல்லூரிக்குள்ளேயே ஒரு வேலை பிடித்தாக வேண்டும். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கான இணைப்பு வகுப்பில் அதுதான் நிபந்தனை. காலையில் பாடம், மதியம் இரண்டு மணி நேரம் வேலை. அலுவலகப் பெண் ஒரு மஞ்சள் படிவத்தைக் கொடுத்து, “வேலை தர்றவங்க கையெழுத்து இங்க வரணும். முப்பது தாண்டினா உங்க இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும்” என்றார்.

என்னைப் போய் ‘உங்க’ என்றார். அந்த இடமும் என்னுடையதுதானாம். வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 4, வெள்ளி

நூலகரிடம் போனேன். “ஏன் இந்த வேலை வேணும்னு நினைக்கறீங்க?” என்று கேட்டார். வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். அவருக்கு மீன் தொட்டி ஞாபகம் வந்திருக்கும்.

கடைசியில் அவரே, “இங்க அமைதியா இருக்கணும்னு விதி இருக்கு, நிஜந்தான். அதுக்காக இவ்வளவு அமைதி வேண்டாம்மா” என்றார்.

அக்காவிடம் சொன்னேன். சிரித்து முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

செப்டம்பர் 6, ஞாயிறு

அக்கா செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு சண்டை போட்டுப் பழகிய வாய். இன்று அம்மாவின் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எனக்கு நேர்காணல் நடத்தினாள்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

“நான்…”

“நான்? சரி, அது தெரிஞ்சுபோச்சு. அடுத்தது?”

அம்மா சமையலறையிலிருந்து, “ஏன்டி அவளைப் படுத்தறே? கையால செஞ்சு காட்டினா போதாதா? என் கை ஒடிஞ்சப்போ மூணு பேர் வேலைய ஒத்தையா அலசினவ அவ” என்றாள்.

அம்மா வேலை செய்வது மருத்துவமனை லாண்டரியில். அவள் கை முறிந்த வருடம் அவளுக்குப் பதில் நான் போனேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளி நின்றது. ஆறு மாதம்தான் என்று பேச்சு. மூன்று வருடம் ஆகிவிட்டது. யார்மேலும் தப்பில்லை. ஒன்றுதான் குறை: படுக்கை விரிப்புகள் கேள்வி கேட்பதில்லை. அதனால் பதில் சொல்லிப் பழக்கமில்லாமல் போயிற்று.

“வாயில்லாப்பூச்சி, மறுபடியும் முதல்லேர்ந்து” என்றாள் அக்கா.

செப்டம்பர் 9, புதன்

கேண்டீன். டோக்கன் எண்ணைக் கூப்பிட வேண்டும். “முப்பத்திரண்டு” என்றேன். யாரும் வரவில்லை. இன்னொரு முறை சொன்னேன். முப்பத்திரண்டுக்கு உரியவர் என் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கே கேட்கவில்லை.

கேண்டீன் மாஸ்டர் நல்ல மனிதர். “எறும்பு கூப்பிட்டாகூட இதைவிடக் கேக்கும்மா” என்று சொல்லிவிட்டு ஒரு டீ கொடுத்தார். டீ நன்றாக இருந்தது.

செப்டம்பர் 11, வெள்ளி

பலகையில் இன்னும் மூன்றே காகிதம். ஒற்றை ஊசிக்காரன் அப்படியே தொங்குகிறான்.

செப்டம்பர் 14, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. எனக்கு. வேலை!

ஒற்றை ஊசிக் காகிதத்திலிருந்து ஒரு சீட்டைக் கிழித்துக்கொண்டு தரைத்தளத்துக்குப் போனேன். ஸ்டோர் என்றால் ஒரு நீண்ட அறை. ஒரு பக்கம் ஜன்னல். அதன் வழியாகத்தான் மாணவர்களுக்கு பீக்கர், பிப்பெட் எல்லாம் கொடுப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவரைக் கல்லூரியில் எல்லாரும் சீட்டக்கா என்கிறார்கள். சீட்டு இல்லாமல் ஒரு டெஸ்ட் டியூபைக்கூடக் கொடுக்க மாட்டாராம். வாங்கிய சீட்டை எல்லாம் மேசைமேல் நிற்கும் கம்பியில் குத்தி வைப்பார்.

சொல்ல வேண்டியதை அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே சீட்டை நீட்டினேன். சீட்டக்கா தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சீட்டை வாங்கிப் பார்க்காமலே கம்பியில் குத்தினார். “வந்துட்டியா? வெள்ளிக்கிழமையே வருவேன்னு பார்த்தேன். கதவு அந்தப் பக்கம். கையுறை ஆணியில தொங்குது. சிங்க் நிறையக் கிடக்கு. தினம் ரெண்டு மணி நேரம், சரியா?”

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நேர்காணல். ஒரு கேள்விகூட இல்லை.

எனக்குப் பின்னால் ஒரு நெட்டையன் நின்றிருந்தான். என்னையும் சிங்க்கையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கையிலிருந்த சீட்டைச் சட்டைப்பையில் திரும்ப வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் போய்விட்டான். அவனுக்கு என்ன அவசரமோ.

செப்டம்பர் 15, செவ்வாய்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். கழுவிய பீக்கரை வெளிச்சத்தில் பிடித்தால், சில இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. சில இடத்தில் ஒரே விரிப்பாக இறங்குகிறது. முத்து நிற்கிற இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி சோப்பு, மறுபடி பிரஷ், மூன்று முறை அலசல், கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீர். முத்து போய்விட்டது. நன்றாக அலசிய வெள்ளை விரிப்பு மாதிரி தண்ணீர் கண்ணாடிமேல் சரிந்து இறங்கியது.

ஏற்கெனவே கழுவி வைத்திருந்த முப்பத்தேழு பீக்கரையும் மறுபடி எடுத்துக் கழுவினேன். சீட்டக்கா ஒரு தடவை எட்டிப் பார்த்து, “இதை இப்படிச் சந்தோஷமா செய்யற ஆளை நான் பார்த்ததே இல்ல” என்றார்.

செப்டம்பர் 16, புதன்

மஞ்சள் படிவத்தை நீட்டினேன். இரண்டு தடவை தொண்டையைச் செருமிய பிறகுதான். “கையெழுத்தா? உன் மணி எல்லாம் முடியட்டும், கடைசியில போட்டுக்கலாம்” என்றார். கடைசியில் என்றால் மாதக் கடைசி. சரிதான், அன்றைக்குத்தானே கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 18, வெள்ளி

வீட்டில் தம்ளர்களை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முத்து. மறுபடி கழுவினேன். அக்கா, “மாமியார் இல்லாத வீடுன்னு நிம்மதியா இருந்தேன்” என்றாள்.

அந்த நெட்டையன் தினமும் ஜன்னல் பக்கம் வருகிறான். இன்று இரண்டு கையையும் கூப்பி, “நல்லா இரு தாயே” என்று சொல்லிவிட்டுப் போனான். பைத்தியமோ?

செப்டம்பர் 21, திங்கள்

வேதியியல் ஆசிரியர் ஜன்னலுக்கே வந்தார். “யாரு இப்போ கழுவறா? பியூரெட்ல ஒரு சொட்டுகூட ஒட்டல. முதல் தடவையா எல்லாருக்கும் ஒரே அளவு வருது” என்றார். நான் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். “இருக்கா ஒருத்தி” என்றார் சீட்டக்கா.

ஒருத்தி. நான்தான்.

செப்டம்பர் 23, புதன்

வீட்டுக்குப் போகும் வழியில் பாடிக்கொண்டே நடந்தேனாம். எதிரில் வந்த அம்மா சொன்னாள். எனக்குத் தெரியவே தெரியாது.

செப்டம்பர் 24, வியாழன்

வர வேண்டாமாம்.

சீட்டக்கா ஏதோ பழைய ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று, “ஐயோ, உனக்குப் பத்து மணி நேரந்தானே? இன்னிக்கோட பதினெட்டு ஆயிடுச்சே. நான்தான் கவனிக்கல. போதும்மா, நாளையிலேர்ந்து வர வேண்டாம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குள் போன் வந்துவிட்டது.

கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஏன்னு கேட்கல. ஏன் கேட்கல? நான் என்ன தப்பு பண்ணினேன்? எதுவும் உடையல, எதிலயும் முத்து இல்ல. பத்து மணி நேரம்னு யார் சொன்னா? அதையாவது கேட்டிருக்கலாமே. வாய் எதுக்கு இருக்கு, டீ குடிக்கவா?

படிவம் பையில் அப்படியே இருக்கிறது. இன்னும் ஆறு நாள்.

செப்டம்பர் 25, வெள்ளி

மதியம் இரண்டு மணி நேரம் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போய்விட்டு வந்த மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 27, ஞாயிறு

அக்கா கண்டுபிடித்துவிட்டாள். என் கை இரண்டு நாளாகச் சோப்பு வாசனை அடிக்கவில்லையாம்.

“காரணம் கேட்டியா?”

“இல்ல.”

“சரி, நாளைக்கு நான் வரேன். என் பாணியில கேக்கறேன்.”

அவள் பாணி எனக்குத் தெரியும். அந்த ஜன்னலே பெயர்ந்து வந்துவிடும். “வேண்டாம், நானே கேக்கறேன்” என்றேன். “இப்போ சொன்னே பாரு, இதே சத்தம் போதும்” என்றாள் அவள்.

செப்டம்பர் 28, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

ஜன்னலில் வரிசை நின்றது. எனக்கு முன்னால் மூன்றாம் வருட அக்கா ஒருத்தி. அவள் கையில் ஒற்றை ஊசிக் காகிதம் முழுசாக இருந்தது. சீட்டுகளோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். “உதவியாளர் வேலை இன்னும் இருக்கா மேடம்?” என்று கேட்டாள்.

“இருக்காவா? நாலு மாசமா ஒரு ஆள்கூட வந்து எட்டிப் பார்க்கல” என்றார் சீட்டக்கா.

நான் அங்கேதான் நிற்கிறேன். பதினெட்டு மணி நேரம் அங்கேதான் நின்றேன்.

“நான் வந்தேன்” என்றேன்.

சீட்டக்கா எட்டிப் பார்த்தார். “நீயா? உனக்குத்தான் எல்லாம் முடிஞ்சுபோச்சே.”

“என்ன முடிஞ்சுபோச்சு?”

“தண்டனை. ஆறு பிப்பெட் உடைச்சதுக்குப் பத்து மணி நேரம் கழுவணும்னு அனுப்பினாங்களே.”

“நான் எதையும் உடைக்கல!”

வரிசை முழுக்கத் திரும்பியது. நூலகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“அப்போ நீ எதுக்கு வந்தே?”

“வேலைக்கு. சீட்டு கொடுத்தேன். நீங்க கம்பியில குத்தினீங்க.”

சீட்டக்கா கம்பியைப் பார்த்தார். இரண்டு வாரச் சீட்டுகள் கழுத்து வரைக்கும் இருந்தன. நான் கேட்காமலே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். மேலே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அடியில், பதினான்காம் தேதிச் சீட்டுகளோடு, ‘உதவியாளர் தேவை’ என்று அச்சடித்த என் சீட்டு இருந்தது. நடுவில் ஒரு ஓட்டை.

அதை வாங்கிப் படித்தார். ஜன்னலில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு சீட்டையும் அவர் இவ்வளவு நேரம் படித்திருக்க மாட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நானும் யோசிச்சேன், என்னடா இது, தண்டனைக்கு வந்தவ பாட்டுப் பாடிட்டே கழுவறாளேன்னு.”

அப்போது எனக்கு நெட்டையனும், அவன் சட்டைப்பையில் திரும்ப வைத்துக்கொண்ட சீட்டும் ஞாபகம் வந்தன. நல்லா இரு தாயே! திருட்டுப் பயல்.

ஆனால் காகிதம் இன்னும் அந்த மூன்றாம் வருட அக்காவின் கையில்தான் இருந்தது. முறைப்படி கேட்டவள் அவள்தானே. சீட்டக்காவும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையும் என்னையும் பார்த்தார். அவள் காகிதத்தை ஜன்னலுக்குள் நீட்டி, “சும்மாவே பதினெட்டு மணி நேரம் கழுவினவளோட நான் எப்படிப் போட்டி போடறது? நான் கேண்டீனுக்குப் போறேன். அங்க சத்தமா கூப்பிட ஆள் வேணுமாம்” என்றாள்.

மஞ்சள் படிவத்தை எடுத்து மேசையில் விரித்தேன். சீட்டக்கா முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 29, செவ்வாய்

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். அலுவலகப் பெண் முத்திரை குத்தினார். “ஒரு நாள் முன்னாலேயே கொண்டுவந்துட்டீங்களே” என்றார்.

அக்கா இன்று ஆறு பிப்பெட் கதையைத் தன் கடை வாடிக்கையாளர் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். அம்மா என் ஒன்பதாம் வகுப்புப் பையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

செப்டம்பர் 30, புதன்

நெட்டையன் வந்தான். பத்து மணி நேரம், என் மேற்பார்வையில். கையுறை அவன் கைக்குள் போகவில்லை. முதல் பீக்கரைக் கழுவிக் காட்டினான். வெளிச்சத்தில் பிடித்தேன்.

“முத்து இருக்கு. மறுபடியும்” என்றேன்.

“தாயே…”

“மறுபடியும்.”

அக்டோபர் 19, திங்கள்

சீட்டக்காவுக்கு இன்று மதியம் ஏதோ கூட்டம். ஜன்னலில் நான் உட்கார்ந்தேன். தனியாக, முதல் முறை. நாற்பது பேராவது வந்திருப்பார்கள். பெயரைச் சத்தமாகத்தான் கூப்பிட்டேன். யாரும் என்ன என்று திருப்பிக் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஒரு பெண் வந்து நின்றாள். முதல் வருடமாக இருக்கும். கையில் ஒரு சீட்டு, வேர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. வாயைத் திறந்தாள். மூடினாள்.

சீட்டை வாங்கினேன். கம்பியில் குத்தவில்லை. பேனாவை வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, “உடைச்சிட்டு வந்தியா, வேலைக்கு வந்தியா?” என்று கேட்டேன்.