மூன்றாம் ஓலை

என் அருமை மகளே,

இது நானே எழுதுவது, உன் அண்ணன் எழுதியதல்ல. முதியோர் பள்ளியில் கற்ற எழுத்து மெதுவாகத்தான் வருகிறது.

டாக்டர் பட்டத்துக்குமேல் ஆராய்ச்சி செய்யச் சீமைப் பல்கலைக்கழகம் உன்னை அழைத்திருக்க, அண்ணன் இங்கே கல்யாணம் நிச்சயித்துவிட்டான். இன்று கோயிலில் ஞாயிறு ஆராதனையின்போது கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்றாம் முறையாக வாசித்து, "தடை சொல்கிறவர் உண்டா?" என்று பாதிரி ஐயர் கேட்டார்.

எழுந்தேன். நான் வேலை பார்த்த வெடிமருந்து அறையில்கூட அவ்வளவு பயந்ததில்லை.

"எம்மவளக் கேக்கவே இல்ல, ஐயா. அதுதான் தடை."

"சபையில மானத்த வாங்குறீகளே அப்பா, உக்காருங்க!" என்று அண்ணன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். நான் உட்காரவில்லை. ஐயர் ஓலையை மடித்து, கல்யாணத்தை நிறுத்திவைத்தார்.

அவன் இன்னும் என்னோடு பேசவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன். போக ஆசையிருந்தால் உடனே தந்தி அடி.

கப்பலிலிருந்து எழுது. பெரிய எழுத்தாக எழுது, நானே வாசிப்பேன்.

உன் அப்பா