படத்தின் ஓரத்தில் ஒரு கை

அன்பு மச்சான் முருகையாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் உன்னைப் பார்த்துவிட்டு வந்தோம். பயாஸ்கோப்பு கொட்டகையில், வெள்ளைத் துணியில், புது வேட்டி கட்டிக்கொண்டு நீ பல் தெரியச் சிரித்தாய். பாப்பா "அப்பா! அப்பா!" என்று கத்தினாள். உன் பெண்டாட்டி, என் அக்கா, துணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நம் ரப்பர் தோட்டத்துக்குத் துரைமார் வந்து எடுத்துக்கொண்டு போனார்களே, அந்தப் படம்தான். அன்று நான் ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கொட்டகையில் இருந்தேன். மூன்று நாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்த உன்னை, ஆள் உயரமாக இருக்கிறாய் என்று கங்காணி எழுப்பிக்கொண்டு போய் முன்வரிசையில் நிறுத்தினான். சாயங்காலம் கட்டக் கொடுத்த வேட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். படம் எடுத்த நாலாம் நாள் உன்னைப் பாடையில் தூக்கினோம்.

கங்காணியை விடு, அவன் குணம் தெரிந்ததுதான். எனக்கு வயிறு எரிவது பத்திரிகையில் படங்களைப் பற்றி எழுதும் கண்ணாடியார்மேல்.

வாராவாரம் ஈப்போ பத்திரிகை வந்தால், ரப்பர் பால் வாளியைக் கழுவிய ஈரக்கையோடு ஓடி வருவாயே. "டேய் வேலு, கண்ணாடியார் எந்தப் படத்தப் பத்தி எழுதிருக்காரு, படிலா!" நாம் கொட்டகைக்குப் போனதே இரண்டு தடவைதான். மற்ற படமெல்லாம் அவர் எழுத்தில் பார்த்தோம். பறக்கிற சாமியின் இடுப்பில் கம்பி தெரிகிறது என்று அவர் எழுதிய அன்று நீ கைதட்டினாய். 'நடுவில் காட்டுவதை நம்பாதே, ஓரத்தைப் பார்' என்று அவர் அடிக்கடி எழுதுவார். அதை நீ லயத்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஒரு தடவை இரண்டு பேரும் ரம்புத்தான் பழம் கட்டிக்கொண்டு போய் அவரைப் பார்த்தோம். பழத்தை உரித்த அவர் கையில், சுண்டுவிரலில் பச்சைக்கல் மோதிரம் இருந்தது. திரும்பி வரும்போது ரயிலில் அந்த மோதிரத்தைப் பற்றியே பேசினாய்.

அந்த மனிதர் இந்தப் படத்துக்கு என்ன எழுதினார் தெரியுமா? இதில் துளிப் பொய் இல்லையாம். தோட்டத்து ஜனம் சுகமாக இருக்கிறதாம். முன்வரிசையில் சிரிக்கும் வாலிபனே அதற்குச் சாட்சியாம். செத்துப்போன உன்னைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார் மச்சான். அதை நான் அக்காவுக்கு உரக்கப் படித்தும் காட்டினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொட்டகையில் நீ மறுபடி வந்தபோதுதான் அக்கா பேசினாள். "சிரிக்கல தம்பி. குளிர்ல பல்லு அடிக்குது."

பழக்கதோஷம், ஓரத்தைப் பார்த்தேன். உன் தோளை ஒரு கை அழுத்திப் பிடித்திருந்தது. ஆள் தெரியவில்லை, மணிக்கட்டுவரைதான். சுண்டுவிரலில் அதே மோதிரம்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். கண்ணாடியார் மறுக்கவே இல்லை.

"தான் சொல்றதத் தமிழ்ல சொல்ல ஆள் வேணும்னு படம் எடுத்த தொரை கூப்பிட்டாரு, போனேன். அவன் ஆடிக்கிட்டே இருந்தான். படம் கலங்கிடும்னாங்க, புடிச்சேன்."

"காய்ச்சல்னு தெரியாதாய்யா?"

"தொட்டேனே. சுட்டுச்சு. ஆனா நல்ல படம் தம்பி. இந்தியாவுல நம்ம ஊர்ல போட்டுக் காட்டப் போறாங்க. பார்த்துட்டு நம்ம ஜனம் இன்னும் நெறைய வரும்."

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். இவர் ஆட்களையே கெடுக்கிறார். உன் பல் நடுங்கியதைச் சிரிப்பு என்று நம்பி எவனோ ஒருவன் பெண்டாட்டி பிள்ளையோடு கப்பல் ஏறுவான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? பறக்கிற சாமியின் கம்பி தெரிந்த கண்ணுக்குத் தன் கை தெரியவில்லையா? நடந்ததை எழுதிக்கொடுத்தேன், போட மாட்டேன் என்றார். அதனால்தான் இந்தக் கடிதத்தை லயம் லயமாகப் போய் வாசிக்கிறேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும். கங்காணியும் கேட்கட்டும்.

வருகிற சனிக்கிழமை நம் தோட்டத்துத் திடலிலேயே துணி கட்டி அந்தப் படத்தைக் காட்டுகிறார்கள். நீ வரும்போது எழுந்து போய் அந்தக் கையைத் தொட்டுக் காட்டப்போகிறேன். இது யார் கை, உன் உடம்பு அதில் எப்படிச் சுட்டது என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். வேலை போனால் போகட்டும்.

அக்காவிடம் சொன்னேன். தடுக்கவில்லை. உன்னை எடுத்த படம் என்று நம்மிடம் வேறு ஒன்றும் இல்லை, கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. "கையக் காட்டு தம்பி," என்றாள். "ஆனா குறுக்க நின்னு அவரு மொகத்த மறைச்சிடாத. பாப்பா பார்க்கணும்."

மறைக்க மாட்டேன் மச்சான். ஓரமாகவே நிற்கிறேன்.

உன் பாப்பாவுக்குத் தாய்மாமன்,
உன் மச்சினன் வேலு