மண்வெட்டி வாங்கிக்கொள்ள வருமாறு மலைநாட்டு அரசியாருக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. மழை முறை தவறாது பொழிக. முகில் தங்கும் முகடுகளுக்கும், தேன் தங்கும் பாறைகளுக்கும், சொன்ன சொல் மாறாத குடிகளுக்கும் தலைவியாய் வீற்றிருக்கும் முகிற்கோட்டு நாட்டு அரசியார், வரைகாத்த பெருந்தேவி கொன்றைமாதேவியார் திருமுன்பு, வெண்டுறை நாட்டு அரசர் நெடுந்திரையனாரின் ஆணையால் அவர்தம் அமைச்சர் ஓதநம்பியார் வணங்கி விடுக்கும் ஓலை. இங்கே அரசரும் குடிகளும் கடலும் நலம். அங்கே தேவியாரின் சினம் ஒன்று நீங்கலாக யாவும் நலமென்றே அமைச்சர் நம்புகிறார்.

தேவியாரின் ஓலையை அமைச்சர் நின்றபடியே படிக்கத் தொடங்கினார், முடிக்கும்போது உட்கார்ந்திருந்தார். இரு நாட்டு இளையோரும் ஆண்டுதோறும் எல்லை கடந்து சென்று, கூலி கேளாது, அயல்நாட்டு ஊர்களில் தோள்கொடுத்து உழைத்து, அங்குள்ளாரோடு உண்டு பழகி மீள்க என்று நம் இரு அரசுகளும் செப்பேட்டில் பொறித்த உடன்படிக்கை உண்டல்லவா? தம் நாட்டுப் பிள்ளைகள் வரும் முழுநிலவுக்குள் வீடு திரும்பாவிடில் அச்செப்பேட்டை உருக்கி ஆடுகளுக்குக் கழுத்துமணி செய்துவிடப்போவதாகத் தேவியார் எழுதியிருந்தார். செப்பேட்டின் வாசகத்தை இரவு பகலாய்ச் செதுக்கிச் செதுக்கி அமைத்தவர் இந்த அமைச்சர்தாம். ஆட்டுக் கழுத்தில் அது குலுங்கும் ஓசை அவர் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தேவியார் சாற்றிய குற்றங்கள் இரண்டு. மலைநாட்டுப் பிள்ளைகளை நாங்கள் ஓய்வின்றி வேலை வாங்குகிறோம் என்பது ஒன்று. எங்கள் பிள்ளைகளோ மலைநாட்டில் பாதி வேலையில் கருவியைப் போட்டுவிட்டு உண்ண அமர்கிறார்கள், மரியாதை செய்ய வந்தால் அழுதுகொண்டு ஓடுகிறார்கள் என்பது மற்றொன்று. இவற்றைக் கேட்ட எம் அரசர், முதற்குற்றம் மெய்யானால் அமைச்சரின் தலைப்பாகை போகும் என்றும், இரண்டாவதும் மெய்யானால் தலைப்பாகை வைக்கும் இடமும் போகும் என்றும் அருளிச்செய்தார். அமைச்சர் அன்றே சங்குமேட்டுக்கு வண்டி கட்டினார்.

சங்குமேடு எங்கள் பரதவர் ஊர். ஊருணி வறண்டு கிடந்தமையால், கருநீலியாற்றின் வளைவிலிருந்து அதற்கு ஒரு வரத்துக்கால் வெட்டித் தருவதே தேவியாரின் பிள்ளைகள் ஏற்றுக்கொண்ட பணி. அமைச்சர் சென்றபோது ஊருணி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைத்தான் காணவில்லை. ஊர்த்தலைவர் கொற்றனாரைக் கேட்க, அவர்கள் வளைவைத் தாண்டி ஆற்றோரமாகவே வெட்டிக்கொண்டு மேற்கே மலையை நோக்கிப் போய்விட்டார்கள் என்றும், மலைநாட்டாருக்கு மண் வெட்டுவதில் அப்படியொரு ஆசை போலும் என்றும், விருந்தினர் ஆசையைத் தடுக்கலாமா என்றும் அவர் வெகு மகிழ்ச்சியோடு விடையளித்தார். வேளாவேளைக்குப் பிட்டும் மீன்குழம்பும் கூடைகூடையாகப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன.

தேவியார் மனம் ஆறவேண்டும் என்பதற்காக இதையும் சொல்லிவைக்கவேண்டும்: பிள்ளைகள் இளைக்கவில்லை. வந்தபோது அணிந்திருந்த இடைக்கச்சை இப்போது ஒருவருக்கும் எட்டவில்லை.

இளையோர் தலைவி வேங்கைநாச்சியை அமைச்சர் ஒரு புன்னை மரத்தடியில் கண்டார். தேவியாரின் ஆணை அவளுக்கும் வந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். ஒரு கையில் பிடித்த மண்வெட்டியை மட்டும் விடவில்லை. அவள் விண்ணப்பித்தது இது: மலைநாட்டில் வேலைக்கு வந்த விருந்தினரின் கைக்கருவியை, வேலை முடிந்ததும் வீட்டுக்கு உரியவர் தம் கையால் வாங்கிக்கொள்ளவேண்டும், அதுவே நன்றி, அதுவே விடை. வாங்கும்முன் வேலையை விட்டுச் சென்றவரை எந்த ஊரும் மறுபடி அழைப்பதில்லை. சங்குமேட்டில் எல்லாரும் சிரித்தார்கள், சோறிட்டார்கள், பாட்டுப் பாடினார்கள். கருவியை வாங்குவார்தான் ஒருவரும் இல்லை. வேலையில் ஏதோ குறை கண்டார்கள் போலும் என்றெண்ணி, இன்னும் ஆழமாக, இன்னும் தூரமாக வெட்டினார்களாம். இப்போது திரும்பினால் பெயர் கெடும், திரும்பாவிட்டால் அரசியாரின் ஆணை கெடும், அடுத்த ஆண்டும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இக்கடலைக் காண வரவேண்டும் என்ற தன் ஆசையோ இரண்டு வழியிலும் கெடும் என்று சொல்லி அவள் மீண்டும் அழுதாள். அமைச்சருக்கும் கண் கலங்கிற்று. அதை அவர் மறைக்கவில்லை.

அப்போதுதான் தேவியாரின் இரண்டாம் குற்றச்சாட்டு அவருக்கு விளங்கிற்று. எங்கள் கடற்கரையில் ஒருவன் கையிலிருந்து துடுப்பை மற்றவன் வாங்கினால், என் படகில் இனி உனக்கு இடமில்லை என்பது பொருள். உறவு அறுந்தால் அன்றி ஒருவரும் அதைச் செய்யார். ஆகவே எங்கள் பிள்ளைகள் தம் வேலை முடிந்ததாகத் தமக்குத் தோன்றியதும் தாமே கருவியைக் கீழே வைத்துவிட்டு உண்ண அமர்வார்கள். உங்கள் ஊரார் அன்போடு வந்து மண்வெட்டியைக் கையிலிருந்து வாங்கினால், துரத்துகிறார்கள் என்று நெஞ்சு வெடித்து மூட்டை கட்டாமல் என்ன செய்வார்கள்? வாங்காததால் இங்கே ஒருத்தி அழுகிறாள், வாங்கியதால் அங்கே பலர் அழுகிறார்கள். செப்பேட்டில் வழித்துணைக்கும் உணவுக்கும் மருந்துக்கும் வகைசெய்த அமைச்சருக்கு இது தோன்றாமற்போயிற்று.

உண்மை தெரிந்தபின் வாங்கிக்கொள்ளவேண்டியதுதானே என்று தேவியார் கேட்கலாம். அமைச்சரும் கொற்றனாருக்கு யாவும் எடுத்துரைத்தார். கொற்றனார் நன்றாகத் தலையாட்டினார். ஊரே கூடி நிற்க, வேங்கைநாச்சி இரு கைகளாலும் மண்வெட்டியை நீட்ட, அவர் கை பாதி தூரம் சென்று நின்றுவிட்டது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பிள்ளையிடம் இந்தப் பாவத்தை எப்படிச் செய்வேன் என்று அந்த மனிதர் விம்மினார். பின்னால் நின்ற பெண்கள் ஓவென்று அலறினார்கள். கடைசியில் அவர் மண்வெட்டியை வாங்காமல், அதன் மேலேயே ஒரு பொரித்த மீனை வைத்துவிட்டுப் போனார். வேங்கைநாச்சி மீனை உண்டாள். பிறகு பெருமூச்சு விட்டு, வெட்டத் தொடங்கினாள்.

ஆகவே எம் அரசர் ஆராய்ந்து பிறப்பிக்கும் ஆணை யாதெனில்: இவ்வாண்டு முதல் எங்கள் பிள்ளைகள் தங்கும் உங்கள் ஊர்களுக்கு, அவர்கள் கருவியைத் தாமே வைக்கும்வரை காத்திருக்குமாறு வேண்டுகோள் செல்க, உங்கள் பிள்ளைகள் தங்கும் எங்கள் ஊர்கள்தோறும் ஊராரின் சார்பில் கருவி வாங்கிக்கொள்ள ஒரு மலைநாட்டுப் பெரியவரைத் தேவியார் அனுப்பியருள்க, இவ்விரண்டும் செப்பேட்டில் சேர்க்கப்படுக. செப்பேடு உருகாதிருந்தால்.

வேங்கைநாச்சியின் செய்திக்கோ வழி ஒன்றே உண்டு. வரத்துக்கால் முழுநிலவன்று நம் எல்லைக்கல்லைத் தொடும். கல்லுக்கு அப்பால் நிலத்துக்கு உரியவர் தேவியாரே. தேவியார் அங்கு எழுந்தருளி, தம் கையால் அப்பெண்ணின் மண்வெட்டியை வாங்கிக்கொண்டால் அவள் பெயரும் நிற்கும், ஆணையும் நிற்கும், அடுத்த ஆண்டும் அவள் இங்கு வருவாள். சங்குமேட்டார் இப்போதே அவளுக்கு மீன் உலர்த்தத் தொடங்கிவிட்டார்கள்.

தேவியார் வாராதிருந்தாலும் குற்றமில்லை. பிள்ளைகள் எப்படியும் வீடு திரும்புகிறார்கள், வெட்டிக்கொண்டே திரும்புகிறார்கள். வரத்துக்கால் உங்கள் அரண்மனை வாயிலை அடையும் நாளில் தேவியாரின் தாமரைக்குளம் முழுவதும் எங்கள் ஊருணிக்கு வந்து சேரும். அதை நிறுத்துமாறு நாங்கள் அவள் கையைப் பிடிக்கமாட்டோம். அது எங்கள் வழக்கம் அன்று.

இங்ஙனம் வெண்டுறை நாட்டு மீன்முத்திரை இட்டு, அரசர் திருவாய்மொழிந்தபடி அமைச்சர் ஓதநம்பியார் எழுதுவித்தது. ஓலை கொண்டுவருவோன் குதிரையில் வருகிறான், விரைந்து விடையருள்க. வேங்கைநாச்சியும் விரைந்தே வருகிறாள்.